மிளகாய்க் காட்டில் ஒரு கண்டக்டர்

முகம்மது இஸ்மாயில் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது மாதம், அவர் மனைவி ஷாஜாதி ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த மனுசனை ஞாயிற்றுக்கிழமையாவது வெளியே அனுப்பியாக வேண்டும்.

அவர் தொந்தரவு செய்கிற ஆள் இல்லை. வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் நடப்பார், திரும்புவார், மறுபடியும் நடப்பார். நடக்கும்போது ஒரு கை சுவரைத் தொட்டுக்கொண்டே வரும். முப்பத்தோரு வருடம் ஓடுகிற பஸ்ஸுக்குள் நடந்த கால்கள். தரை ஆடாவிட்டாலும் அவை ஆட்டத்துக்குத் தயாராக இருந்தன.

“இங்கருங்க, இது வீடு. இங்க யாரும் ஏறப்போறதும் இல்ல, இறங்கப்போறதும் இல்ல. செத்த உக்காருங்க” என்பாள் ஷாஜாதி.

உட்காருவார். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்.

கோவில்பட்டி பஜாரில் மணிராஜின் செல்போன் ரிப்பேர் கடைக்கு அவள் போனபோது, கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு தாள் கண்ணில் பட்டது. ‘சேர்ந்து விவசாயம் செய்வோம். ஞாயிறு காலை ஆறரை மணி. சம்பளம் கிடையாது. காலைச் சாப்பாடு உண்டு.’ இது என்ன என்று கேட்டாள். மணிராஜ் போனைக் கழற்றிக்கொண்டே சொன்னான். எட்டயபுரம் தாண்டி அவனுடைய சிநேகிதன் குடும்பத்துக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. அவர்கள் கோயம்புத்தூரில் தங்கிவிட்டதால் வருடக்கணக்காகத் தரிசாகக் கிடந்து வேலிக்கருவை மண்டிவிட்டது. கேட்டு வாங்கி, டவுன்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து அதைத் திருத்தி, போன வருடம் உளுந்து போட்டார்கள். விளைகிறதெல்லாம் ஒரு பிள்ளைகள் காப்பகத்துச் சமையலுக்குப் போகிறது.

“இந்த வருசம் மிளகா போடலாம்னு பாக்கோம் அக்கா. ஆளுதான் பத்தல.”

“எங்க வீட்டுல ஒரு ஆளு சும்மா இருக்கு. அனுப்பிவைக்கேன்” என்றாள் ஷாஜாதி.

அடுத்த ஞாயிறு இஸ்மாயில் விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கை நீட்டி டிக்கெட் வாங்கினார். அந்தத் தடத்தில் அவர் இருபத்து நாலு வருடம் ஓடியிருக்கிறார். ஊர்ப்பாதை பிரிகிற எந்த விலக்கில் பருத்தி, எந்த விலக்கில் கம்பு, எந்த ஓடைக்கு அப்புறம் கொத்தமல்லிச்செடி வாசம் வரும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் எல்லாமே ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். நாலு தலைமுறையாகக் கடைக்காரக் குடும்பம். அவருடைய வாப்பா பஜாரில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தார். பயிர்க் காட்டுக்குள் கால் வைக்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை. மஞ்சணத்தி விலக்கு என்று ஆயிரக்கணக்கான தடவை கூவியவர், அன்றைக்குத்தான் அங்கே இறங்கினார். வண்டி அவரை விட்டுவிட்டுப் போனதும் அன்றைக்குத்தான். தூசி அடங்கும் வரைக்கும் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். மணிராஜைத் தவிர காவியா என்று ஒரு நர்ஸ் பெண், இரண்டு வாத்தியார்கள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிற ஒரு குடும்பம். எல்லாரும் டவுன்காரர்கள். விவசாயம் தெரிந்த ஆள் ஒருத்திதான். வெயிலுகந்தம்மாள். பக்கத்து ஊர்க்காரி, வயது அறுபத்தாறு, வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காட்டில் களையெடுத்து, பருத்தி எடுத்து, மிளகாய்ப்பழம் எடுத்தவள். பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் அவள் வெயிலக்கா.

“கூலிக்குப் போன காட்டுல, எடுத்தது எங்க போகுதுன்னே நமக்குத் தெரியாது. இது சின்னப் பிள்ளையளுக்குப் போகுதுன்னான் மணிராசு. அதான் வாரேன்” என்று காவியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்து நின்ற இஸ்மாயிலை ஏற இறங்கப் பார்த்தாள். “பாய், செருப்ப வரப்புலயே விட்டுருங்க” என்றாள்.

அவர் கேட்கவில்லை. முதல் நாள் பெய்த மழையில் ஒரு பக்கம் ஈரம் காயாமல் கிடந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் இரண்டு காலிலும் கரிசல் அப்பி, ஆள் ஒரு சாண் உயர்ந்துவிட்டார். ஐந்தாவது எட்டில் ஒரு செருப்பு மண்ணுக்குள் போனது. தோண்டி எடுத்தபோது வார் மட்டும்தான் கையில் வந்தது. காவியா சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனாலும் அவர் வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். புரட்டாசிக் கடைசியில் மிளகாயும் மல்லியும் கலந்து விதைத்தார்கள். ஐப்பசியில் முளைத்தது. தாறுமாறாக முளைத்த நாற்றுகளைக் கலைத்துவிட வேண்டும் என்று வெயிலக்கா சொன்னபோது, பிடுங்குவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. “அது பாட்டுக்கு நிக்கி, ஏன் பிடுங்கணும்?” என்றார். “பிடுங்காட்டா ஒண்ணும் தேறாது பாய். கூட்டமா ஏத்திக்கிட்டா யாருக்கு எடம் இருக்கும்?” என்றாள் அவள். அது அவருக்குப் புரிந்தது.

வேலைக்கு நடுவில் எட்டரை மணிக்கு மஞ்சணத்தி மரத்தடியில் டீ குடிப்பார்கள். அந்த நேரத்துக்குக் கண்டக்டர் அண்ணாச்சியின் கதைகள் என்று வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளையை எட்டயபுரத்தில் விட்டுவிட்டுக் கல்யாணக் கூட்டம் மட்டும் விளாத்திகுளம் போய்ச் சேர்ந்த கதை. கூட்ட நெரிசலில் யாரோ அவருடைய டிக்கெட் பைக்குள் கோழிக்குஞ்சைப் போட்டுவிட, கையை விட்ட அவர் அலறிய கதை. வெள்ளிக்கிழமைதோறும் ஏறி, எங்கேயும் இறங்காமல் போய், அதே வண்டியில் திரும்பி வருகிற ஒரு பெரியவர் கதை. “ஏன் பெரியவரே, அங்கன ஒரு சோலியும் இல்லையான்னு கேட்டேன். வீட்டுல பேச்சுக்கு ஆள் இல்ல, இங்கன ஒரு வண்டி ஆள் இருக்கேன்னாரு.” சொல்லும்போதே இஸ்மாயிலுக்கு விசில் சத்தமும் டிரைவருக்குப் பக்கத்தில் தொங்கும் சாமந்தி மாலையும் மழைநாளில் தார்ப்பாய்ப் படுதாவை இறக்கிவிட்டால் உள்ளே சூழும் அந்த மங்கல் வெளிச்சமும் கண்முன்னே வந்து நிற்கும். ஆட்கள் கேட்பதால் சொன்னாரா, சொல்லச் சொல்ல அவருக்கே அந்த வண்டி திரும்பக் கிடைத்ததால் சொன்னாரா, தெரியாது.

வெயிலக்கா வெற்றிலை மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் ‘கண்டக்டர் அண்ணாச்சி’ என்றபோதும் அவள் மட்டும் ‘பாய்’ என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒருநாள் களையெடுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். வெயிலக்கா ஆட்டுக்கு ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது. அவள் ஏறப்போவதில்லை, ரோட்டைக் கடக்க வேண்டியதுதான். ஆனால் பழக்கத்தில் இடது கையைத் தலைச்சுமைக்குக் கொடுத்து, வலது கையை நெற்றிக்கு மேல் குடைபிடித்து, கழுத்தை லேசாகச் சாய்த்து வண்டி வருகிற திசையைப் பார்த்தாள்.

இஸ்மாயில் அவளையே பார்த்தார். அந்த நிற்பை அவர் பார்த்திருக்கிறார். பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக, அது சிறுத்துச் சிறுத்து மறைகிற வரைக்கும் பார்த்திருக்கிறார்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம், சித்திரை மாதம். விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்குப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிற நடை. வண்டி நிறையக் கல்யாணக் கூட்டம். வழியில் ஒரு பெண் மிளகாய் வத்தல் மூட்டையோடு ஏறினாள். மூட்டையின் வாய் சரியாகத் தைக்கப்படவில்லை. உச்சிவெயில் தகரத்தில் இறங்க, ஆட்கள் காலில் மூட்டை நசுங்க, நெடி கிளம்பியது. முதலில் ஒரு குழந்தை இருமியது. அடுத்து வண்டியே தும்மியது. “இறக்கிவிடுய்யா அந்த மூடைய!” என்று நாலா பக்கமும் கூச்சல். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “இஸ்மாயிலே, ரோடு தெரியல, நான் எங்கன கொண்டு போய் விடட்டும்?” என்றார்.

மேலே கேரியர் காலியாகத்தான் இருந்தது. ஏணியில் ஏறி மூட்டையைக் கட்டப் பத்து நிமிடம் ஆகும். வண்டி ஏற்கெனவே இருபது நிமிடம் தாமதம். இஸ்மாயில் விசிலை ஊதினார். சுடலைமாடன் விலக்கில், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், அந்தப் பெண்ணை மூட்டையோடு இறக்கினார். “பின்னாலயே ரெண்டு மணி வண்டி வருதும்மா, காலியா வரும், சௌகரியமா வரலாம்” என்றார். ரெண்டு மணி வண்டி ரிப்பேராகி டிப்போவில் நிற்பது அவருக்குத் தெரியும். அடுத்த வண்டி சாயங்காலம்தான். அரை மணி நேரத்தில் வானம் கறுத்துக் கோடைமழை கொட்டியது. எட்டயபுரம் நிலையத்தில் இறங்கி நின்றவர் அந்த மழையைப் பார்த்தார். டீ வாங்கினார், குடிக்கவில்லை.

முகம் மறந்துவிட்டது. அந்த நிற்பு மறக்கவில்லை.

அந்தக் கார்த்திகை ஞாயிறு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடும்போது ஷாஜாதியிடம் சொல்லப் பார்த்தார். சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வெயிலக்காவிடமே சொல்லிவிடுவது என்று போனார். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள், “பாய், இதப் பாருங்க” என்று ஒரு செடியைக் காட்டினாள். முதல் பூ. சோற்றுப்பருக்கை மாதிரி வெள்ளையாக, தலைகுனிந்து நின்றது. அவருக்குச் சொல்ல வந்தது மறந்தது, அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டார். மார்கழி முழுக்க இப்படியே போனது. தையில் காய்த்து, மாசியில் காடு சிவந்தது. ரோட்டில் போகிற வண்டிகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின.

மாசி கடைசிக்குள் நோன்பு பிறந்துவிட்டது. நோன்போடு வெயிலில் வர வேண்டாம் என்று மணிராஜ் சொல்லிப் பார்த்தான். “பழம் எடுக்க நேரத்துல வராம வேற எப்ப வர?” என்று இஸ்மாயில் வந்துவிட்டார். எட்டரை மணிக்கு மற்றவர்கள் டீக்குப் போனபோது அவர் களத்திலேயே தங்கினார். காயப்போட்டிருந்த பழத்தைக் கிளறிக்கொண்டிருந்த வெயிலக்காவும் போகவில்லை. “நீங்க வாய கட்டிக்கிட்டு நிக்கையில நான் மட்டும் என்ன டீய குடிக்க” என்றாள்.

பாதி காய்ந்த மிளகாயின் நெடி மெல்ல எழுந்து அவருக்குத் தும்மல் வந்தது. தும்மி முடித்த கையோடு சொன்னார்.

“வெயிலக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தொண்ணூத்தொம்பதுல, சித்திரை மாசம், வத்தல் மூடையோட ஒரு அம்மாவ சுடலைமாடன் விலக்குல இறக்கிவிட்டேன்.”

அவள் கை நிற்கவில்லை. “ஆமா. என்னையத்தான்” என்றாள்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“நீங்க செருப்பத் தொலைச்சிய பாருங்க, அன்னைக்கே தெரியும். அந்தக் குரல மறக்க முடியுமா? ‘உள்ள போங்க, உள்ள போங்க’ன்னு காதுக்குள்ளயே கத்துவியள்லா.” பழத்தைப் புரட்டிப் போட்டாள். “விடுங்க. வண்டியில அத்தன பேரும் இருமுனாவ, நீங்க என்ன செய்விய? பின்னால வண்டி வருதுன்னு சொல்லித்தான இறக்கிவிட்டிய. அது வராமப் போனா அதுக்கு நீங்களா பொறுப்பு?”

அந்த இடத்தில் அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆண்டவனுக்காகப் பசித்திருக்கிற வயிறு அவரை விடவில்லை.

“வராதுன்னு எனக்குத் தெரியும், அக்கா.”

இப்போது அவள் கை நின்றது.

“ரெண்டு மணி வண்டி அன்னைக்கு ரிப்பேரு. தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னேன். சொன்னாத்தான் நீங்க சண்ட போடாம இறங்குவியன்னு சொன்னேன்.”

வெயிலுகந்தம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தாறு வருடம் அவள் வைத்திருந்த கணக்கே வேறு. வானத்தை வைதிருக்கிறாள், வராத வண்டியை வைதிருக்கிறாள், தன் நேரத்தை வைதிருக்கிறாள். இந்த மனுசனை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தாள்.

“இது எனக்குத் தெரியாது” என்றாள். கையில் ஒட்டிய விதைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டீக்குடிக்கிற கூட்டத்துப் பக்கம் போகாமல், வரப்பேறி, ரோட்டைத் தாண்டி, ஊரைப் பார்க்க நடந்துவிட்டாள். “என்னக்கா, அதுக்குள்ள?” என்று காவியா கூப்பிட்டும் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு இஸ்மாயில் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. நோன்பு என்று சொல்லிக்கொண்டார். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் நடந்தார். ஷாஜாதி பார்த்துக்கொண்டே இருந்தாள். பெருநாள் வந்தது. தொழுதுவிட்டு வந்து புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தவருக்கு மணிராஜின் போன் வந்தது.

“பெருநாள் வாழ்த்து அண்ணாச்சி. இந்த ஞாயித்துக்கிழம வந்துருங்க. கடைசிப் பழம். வெயிலக்காதான் கூப்பிடச் சொன்னாவ.”

“என்ன சொன்னாவ?”

மணிராஜ் தயங்கினான். “அவிய சொன்னத அப்படியே சொல்லட்டுமா? ‘கோவம் எனக்கு. அதுக்கு மிளகா என்ன செய்யும், பழுத்து உதிருது. வரச் சொல்லு’ன்னாவ. என்ன கோவம் அண்ணாச்சி?”

போனை வைத்த பிறகு அவர் ஷாஜாதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள். இவர் அவளுக்குத் தெரிந்த மனுசன். மழைநாளில் பூனைக்குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தவர். அதே மனுசன்தான் இதையும் செய்திருக்கிறார்.

“ஞாயித்துக்கிழம நானும் வாரேன்” என்றாள்.

பால் ஊற்றிக் காய்ச்சிய சேமியாவைத் தூக்குவாளி நிறைய எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். பங்குனி வெயில் ஏழு மணிக்கே முதுகில் ஏறியது. செடிகள் இலை சுருங்கி, கிளைக்கு நாலைந்து பழம் மட்டும் தொங்கவிட்டு நின்றன. வெயிலக்கா இஸ்மாயிலைப் பார்த்தாள். தன் பக்கத்து வரிசையைக் கையால் காட்டினாள். அவ்வளவுதான்.

மூன்று பேரும் மூன்று வரிசையில் குனிந்து எடுத்தார்கள். கால் வரிசை போயிருக்கும். ஷாஜாதி சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

“அக்கா, அன்னைக்கு இவிய இறக்கிவிட்ட பெறகு என்ன செஞ்சிய?”

இஸ்மாயிலுக்குப் பழத்தோடு கிளையும் ஒடிந்து வந்தது.

“நின்னேன்” என்றாள் வெயிலக்கா. குனிந்தபடியே சொன்னாள். “வண்டி வரும் வரும்னு நின்னேன். எம்மக கோயில்பட்டியில எங்கண்ணன் வீட்டுல இருந்து படிச்சா. வெறுங்கையோட எப்படிப் போறது? ஒரு வருசம் பூரா பழமெடுத்து, காட்டுக்காரர் குடுத்த பங்குல நல்லதாப் பாத்து எடுத்துவச்ச வத்தல் அது. மழை பிடிச்சுட்டு. ஒதுங்க ஒரு எடமில்ல. நான் என்ன செஞ்சேன், மூடைய ரோட்டுமேட்டுல வச்சு, அதுமேல குப்புறப் படுத்துக்கிட்டேன். முதுகு நனைஞ்சா காயும். வத்தல் நனைஞ்சா அவ்வளவுதான?”

பக்கத்து வரிசைகளில் எடுத்துக்கொண்டிருந்த காவியாவும் மணிராஜும் நிமிர்ந்துவிட்டார்கள்.

“பாதி தப்பிச்சுது. பாதி கறுத்துப்போச்சு. ராத்திரி போய்ச் சேந்தேன். எங்க மதினி ஒரு வார்த்த சொல்லல. நல்ல மனுசிதான். மறுநா காலைல முறத்த வச்சுக்கிட்டு, கறுத்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம்னு பிரிச்சா. அவ பிரிக்கதப் பாத்துக்கிட்டே நின்னேன் பாருங்க, எம்மகளும் பக்கத்துல நின்னா, அதுதான்...” அவள் நிறுத்திக்கொண்டாள். ஒரு பழத்தின் காம்பைக் கிள்ளினாள்.

“என்ன சொல்லன்னு தெரியல, அக்கா” என்றார் இஸ்மாயில்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். இத்தன நாளும் மழைய வைதேன், ரெண்டு வாரமா ஒங்கள வைதேன். நல்லா வைதுட்டேன். எடுங்க, கண்டக்டரே.”

எடுத்தார்கள். காம்பு ஒடிகிற சத்தமும் சாக்கில் பழம் விழுகிற சத்தமும் மட்டும் கேட்டன. தூரத்தில் ரோட்டில் ஒரு பஸ் போனது. வெயிலக்கா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அது போவதைப் பார்த்தாள்.

“காலைல அஞ்சு நாப்பது வண்டியில நீங்கதான வருவிய?” என்றாள்.

“ஆமா. எட்டயபுரத்துல அஞ்சு நாப்பதுக்கு எடுப்போம்.”

“அதுலதான் நாங்க பதினாலு பேரு பழமெடுக்கப் போவோம். எங்க ஊர் விலக்குல ஏறி, காடு காடா இறங்குவோம். இருட்டு விலகாது. ஏறினதும் ஒருத்தி ஆரம்பிப்பா பாட்ட. டிரைவர் லைட்ட அணைச்சிருவாரு.”

“அணைக்கச் சொல்லுதது நான்தான்” என்றார் இஸ்மாயில். “லைட்டு போட்டா வெக்கப்பட்டு நிறுத்திருவாங்க.”

வெயிலக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “அப்படியா? அவரு பேட்டரிய மிச்சம் பிடிக்காருன்னுல்லா நெனச்சோம்.”

இஸ்மாயிலுக்கு அந்த வண்டி வந்துவிட்டது. தேங்காய் எண்ணெயும் வெற்றிலையும் தூக்குவாளிக் கஞ்சியும் கலந்த வாசத்தோடு, ஜன்னலுக்கு வெளியே கறுப்புக்கு மேல் கறுப்பாகக் கிடக்கும் காடுகளோடு, அந்தப் பாட்டோடு வந்துவிட்டது. எத்தனை வருடம் அந்த நடையில் வந்திருப்பார்! வேறு எந்த நடைக்கு டூட்டி மாற்றினாலும், கெஞ்சியாவது அஞ்சு நாற்பதுக்குத் திரும்பிவிடுவார். ஏன் என்று அவரே யோசித்ததில்லை.

“மஞ்சத் தூக்குவாளி ஒருத்தி கொண்டு வருவா” என்றார். “டிரைவருக்குப் பின்னால முதல் சீட்டு.”

“சீனித்தாய். நல்லாருக்கா. முட்டிதான் மடக்க முடியல.”

“ரெண்டு பக்கமும் மூக்குத்தி.”

“அமுதவள்ளி. செத்துப்போயி ஆறு வருசமாச்சு.”

அவர் கை ஒரு நிமிடம் செடியிலேயே நின்றது. “இறங்கும்போது ஒருநாள் விடாம, ‘போயிட்டு வாரேன் டிரைவரே’ன்னு சொல்லிட்டு இறங்குவா. எங்கிட்ட சொல்ல மாட்டா.”

“ஒங்ககிட்ட எதுக்குச் சொல்ல? நீங்கதான் உள்ள போ உள்ள போன்னு வெரட்டுவியளே” என்றாள் வெயிலக்கா. ஷாஜாதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்படியே போனது. அவருக்குச் சீட்டும் விலக்கும் தெரிந்தது. அவளுக்குப் பேரும் வீடும் தெரிந்தது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு பேரைக்கூட அவர் கேட்டதில்லை. கண்டக்டருக்கு இறங்குமிடம் போதும். இப்போது ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பேர் வந்து உட்கார்ந்தது. கனியம்மா. பூவம்மா. பேச்சிமுத்து, அவள் திருப்பூரில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். நடுச்சீட்டில் எப்போதும் சண்டை போடுகிற அக்காள் தங்கச்சி இரண்டு பேர், அவர்களுக்குள் இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காவியா தன் வரிசையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்று விரலை மடக்கி எண்ணினாள். “பன்னெண்டு ஆச்சு. வெயிலக்காவோட பதிமூணு” என்றாள்.

“ஒண்ணு குறையுதே” என்றாள் வெயிலக்கா.

“பின் படிக்கட்டுப் பக்கத்துச் சீட்டு” என்றார் இஸ்மாயில். கண்ணை மூடிக்கொண்டார். “குட்டையா இருப்பா. பாட்டுல சேர மாட்டா. ஏறினதும் தூங்கிருவா. அவ இறங்குத எடத்துல தினமும் நான்தான் தோளத் தட்டாம கம்பியத் தட்டி எழுப்பிவிடுவேன்.”

வெயிலக்கா யோசித்தாள். சாக்கைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். பேர் வரவில்லை. “வீட்டுல போய் சீனித்தாய்கிட்ட கேக்கணும்” என்றாள் மனசில்லாமல்.

இஸ்மாயில் கொஞ்சம் தயங்கினார். “ஒருநாள் எழுப்ப மறந்துட்டேன். கூட்டம். அது பாட்டுக்குத் தூங்கி, விளாத்திகுளம் போயிட்டு.”

“ஏட்டி!” என்று வெயிலக்கா தொடையில் அறைந்தாள். “மாரிக்கனி! அது மாரிக்கனில்லா! கண்ண முழிச்சுப் பாத்தா பஸ் ஸ்டாண்டு, காட்டக் காணோம், செடியக் காணோம்! அழுதுக்கிட்டே திரும்பி வந்து மத்தியானத்துல பழமெடுக்க நிரைக்கு நின்னாளே! அந்தக் கூத்தும் நீங்க செஞ்சதுதானா?”

“நான்தான்” என்றார் இஸ்மாயில்.

வெயிலுகந்தம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, மிளகாய்க் கையால் துடைக்கப் போனாள். “அக்கா, கை! கை!” என்று ஷாஜாதி ஓடிவந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டாள். “மாரிக்கனி கயத்தாறுல மக வீட்டுல இருக்கா” என்று வெயிலக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “போன்ல சொல்லணும். எழுப்பிவிடாத கண்டக்டர் எங்ககூட மிளகா எடுக்காருன்னு சொல்லணும்.”

மணிராஜ் டீ ரெடி என்று மரத்தடியிலிருந்து கையை ஆட்டினான். ஷாஜாதி சேமியாத் தூக்குவாளியைத் திறக்கப் போனாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வரப்பேறினார்கள். வெயிலக்கா தன் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். வரிசையில் இன்னும் பத்துப் பதினைந்து செடி மிச்சம் இருந்தது.

“இத முடிச்சிட்டே போவோம்” என்றாள். இஸ்மாயில் அடுத்த செடிக்குக் குனிந்தார்.